கோயில் உண்டு, கோர்ட்டில் இடமில்லை

காரைக்குடியில் தமிழ்த்தாய்க்குக் கோயிலே கட்டியிருக்கிறோம். ஆனால், எங்கள் அப்பச்சியின் பாகப்பிரிவினை வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஆங்கிலத்தில் வந்தது. நகலைப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: “நாம ஜெயிச்சமா, தோத்தமாப்பா?” பதினைந்து வருடம் வழக்காடியவர்!

கீழமை நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பெழுத 1976 சட்டத் திருத்தம் வழிவிட்டது. உயர் நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 348ஆவது பிரிவு ஆங்கிலத்தை வைத்தது. குடியரசுத் தலைவர் இசைந்தால் மாநில மொழிக்கும் இடமுண்டு. அப்படித்தான் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்தி நுழைந்தது. 2006இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டுக் கேட்டது; கிடைக்கவில்லை.

“தமிழில் சட்டச் சொல் எங்கே?” என்று நம்ம வக்கீல்களே கேட்கிறார்கள். பாகம், ஒத்தி, கிரயம், வில்லங்கம் எல்லாம் எங்க ஊர் பத்திர எழுத்தர் தினமும் எழுதுகிற சொற்கள். வெளிமாநில நீதிபதிகள் வருகிறார்களே என்பதும் சாக்குதான். இந்தி தெரியாத நீதிபதி அலகாபாத்துக்குப் போவதில்லையா?

1965ஐச் சொல்லி மார்தட்டுகிறோம். இந்திக்கு எதிராக ஆங்கிலத்தைக் கேடயமாகப் பிடித்தோம். அன்றைக்கு அது சரி. இன்றைக்கு அந்தக் கேடயமே தீர்ப்பை வழக்காளியிடமிருந்து மறைக்கிறது. தமிழ்த்தாய்க்குத் தீபம் காட்டுங்க, வேண்டாம்னு சொல்லல. அப்பச்சிக்குப் புரியுற தீர்ப்பையும் கேட்டு வாங்குங்க.