பிரஷருக்கு ஒரு மேனேஜர்

மேனேஜர் கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து சொன்னாலே நமக்குப் பிரஷர் எகிறுகிறது. மண்டை ஓட்டையே திறந்தால்?

எகிறும் ஸார். மூளை ஆபரேஷனில் தலை இம்மி கூட ஆடக் கூடாது என்று கூர்முனை வைத்த கிளாம்ப்பில் இறுக்குவார்கள். ஆசாமி ஆழ்ந்த மயக்கத்தில்தான் இருப்பார். ஆனாலும் முனை அழுந்துகிற நிமிஷம் ரத்த அழுத்தம் ஜிவ்வென்று ஏறும். அதற்கு முன்பே ஃபென்டனில், தலைத்தோல் மரத்துப் போக ஊசி என்று தயாராக இருப்பவர் மயக்க மருந்து டாக்டர். சர்ஜன் பேர் ஊருக்கே தெரியும். இவர் பேர் பேஷண்ட்டின் மச்சானுக்குக் கூடத் தெரியாது!

மணிக்கட்டு நாடியில் மெல்லிய குழாயைச் செருகி, துடிப்புக்குத் துடிப்பு பிரஷரைத் திரையில் பார்த்தபடி இருப்பார்.

'பேசாமல் குறைத்தே வைக்கலாமே, ரத்தம் கொட்டாதே' என்று தோன்றும். ஒரு காலத்தில் டாக்டர்களே வேண்டுமென்று ரொம்ப இறக்கிப் பார்த்தார்கள். மூளைக்கு ரத்தம் பற்றாமல் போகும் ஆபத்து தெரிந்து, அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதம் கேட்கும். வெட்டு ஒத்துக்கொள்ளாத டிபார்ட்மெண்ட்!

மூளை ரத்தக்குழாய் ஒன்று பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது, கிளிப் போட வேண்டும் என்று வையுங்கள். பிரஷர் ஏறினால் பலூன் வெடிக்கலாம். எஸ்மலால் கொடுத்து இறக்குவார். அது சில நிமிஷத்தில் வீரியம் தணிகிற மருந்து என்பது சௌகரியம். நடுவே சர்ஜன் அந்தக் குழாயைத் தற்காலிகமாக அடைத்தால், பக்கத்துக் குழாய்கள் வழியே ரத்தம் போக வேண்டுமே! இப்போது நார்அட்ரினலின் கொடுத்து ஏற்றுவார். கண் விழிக்கும்போது பேஷண்ட் இருமினால் மறுபடி எகிறும், உள்ளே ரத்தம் கசியலாம். லேபெடலால், இறக்கு!

இத்தனைக்கும் ஓப்பனிங் பாலன்ஸ் உங்களிடம்தான் இருக்கிறது. வருஷக்கணக்கில் 160-க்குப் பழகிய மூளைக்கு 110 என்பது பஞ்சம். அதனால்தான் முதல் நாளே வந்து, "என்ன மாத்திரை? ஒழுங்காப் போடறீங்களா?" என்று கேட்பார். பக்கத்தில் மனைவி நிற்கிற தைரியத்தில், "டெய்லி போடறேன் டாக்டர்" என்று அளக்காதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் பழிவாங்கும்; சிலவற்றை ஆபரேஷனுக்கு முன் நிறுத்தச் சொல்வார். எது எப்படி என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இன்கம்டாக்ஸ் ஃபாரத்தில் நீங்கள் எழுதுவது உங்கள் சாமர்த்தியம். இவரிடமாவது நிஜக் கணக்கைக் காட்டிவிடுங்கள்.