எந்தச் சட்டத்தின் கீழ்?



"மேலிடத்து உத்தரவு." கச்சேரியிலும் காணிக் கந்தோரிலும் நாம் அடிக்கடி கேட்கும் பதில் இது. அதைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுகிறோம். ஆனால் அதிகாரியின் உத்தரவையும் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பது இந்நாட்டில் புதிய உரிமையல்ல. வெள்ளையர் ஆட்சியிலேயே, 1889ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டளைச் சட்டம், ரிட் எனப்படும் எழுத்தாணைகளை வழங்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருந்தது.

அதன் வலிமையைக் காட்டியது ஒரு தோட்டத்து விவகாரம்தான். மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில், தொழிலாளர் பக்கம் நின்றார், வேலை போயிற்று. சமசமாஜக் கட்சி மேடைகளில் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். 1937 ஏப்ரலில் தேசாதிபதி ஸ்டப்ஸ், 1896ஆம் ஆண்டின் ஓர் அரச கட்டளையைக் காட்டி அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. எச்.வி. பெரேரா வாதாடினார். அவசர நிலைக்கென்று தந்த அதிகாரத்தை அமைதிக் காலத்தில் பயன்படுத்த முடியாதெனப் பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம் மே 18இல் தீர்ப்பளித்தது. பிரேஸ்கேர்டில் விடுதலையானார்.

அவர் பேசியது சரியா பிழையா என்பதல்ல அங்கே கேள்வி. தேசாதிபதிக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதே கேள்வி. நாமும் அதையே கேட்க வேண்டும்.

இன்று அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின்படி எழுத்தாணை கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கிடைக்கிறது. மாகாண சபைக்குரிய விடயமென்றால் கல்முனை மாகாண மேல் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். ஆனால் அரச காணியிலிருந்து வெளியேறச் சொல்லும் நோட்டீசுக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். 2013இல் ஸ்டபோர்ட் தோட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் அப்படித் தீர்த்தது. தென்னந்தோட்டத்திலோ கரும்புக் காணியிலோ நாட்கூலிக்கு நிற்பவர் கொழும்புக்குப் போக பஸ் காசுக்கும் சட்டத்தரணிக்கும் எங்கே போவார்? எழுதப்பட்ட உரிமை கைக்கு எட்டாமல் நிற்பது இந்த இடத்தில்தான். அந்தச் சுமையைத் தனியாளின் தலையில் விடக்கூடாது. சங்கம் சேர்ந்து தூக்க வேண்டும்.

தனியார் துரை வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாய சபை இருக்கிறது. அதற்கு ரிட் வேண்டியதில்லை. அரச அதிகாரி பெர்மிட்டை ரத்துச் செய்தால், செய்ய வேண்டிய கடமையைச் செய்ய மறுத்தால், அங்கேதான் ரிட்.

ஆகவே, வாய்ப்பேச்சு உத்தரவை ஏற்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேளுங்கள். கடிதம் வந்த திகதியைக் குறித்து, அன்றே கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். தாமதித்துப் போனால், நியாயம் இருந்தும் நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிடலாம்.

தேசாதிபதியையே கேட்ட கேள்வி இது. கந்தோர் மேசைக்கு முன்னால் கேட்க நாம் ஏன் தயங்க வேண்டும்?