ஏட்டுச் சுரைக்காயும் வாக்குச் சீட்டும்

மக்களாட்சி என்றால் என்ன என்று எமது மாணவன் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் வரைவிலக்கணம் ஒப்புவிப்பான். சர்வசன வாக்குரிமை எந்த ஆண்டில் வந்தது என்று கேளுங்கள். 1931 என்பான். நன்று. பாராளுமன்றத் தேர்தலிலே கட்சிக்குப் புள்ளடியிட்டபின், விருப்பு வாக்கு எத்தனை அளிக்கலாம் என்று கேளுங்கள். திருதிருவென விழிப்பான். மூன்று வரை அளிக்கலாம் என்று அவனுக்கு எவரும் செய்து காட்டவில்லை. பரீட்சைக்குப் படிப்பித்தோமேயன்றி, வாக்குச் சாவடிக்குப் படிப்பித்தோமில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவுமா?

இதனால் விளையும் கேடு சிறிதன்று. 2024 செப்டெம்பர் 21ஆம் நாள் நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறவில்லை. இந்நாட்டில் முதன்முறையாக விருப்பத்தெரிவுகளை எண்ண நேர்ந்தது. முதலிருவர் ஒழிந்த ஏனையோர்க்கு விழுந்த சீட்டுக்கள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றுள் முதலிருவரில் ஒருவர்க்கு விருப்பத்தெரிவாய்ச் சேர்ந்தவை ஏறக்குறைய 2 இலட்சத்து 73 ஆயிரமே. நிராகரிக்கப்பட்டவையோ 3 இலட்சத்துக்கு மேல். அறிந்து விட்டவரை நாம் குறை கூறோம். அது அவர் உரிமை. இரண்டு, மூன்று என்று இலக்கமிடலாம் என்பதையே அறியாது விட்டவர்க்குப் பொறுப்பாளி யார்?

வாக்குரிமை தரவும்படும், பறிக்கவும்படும். இப்பாடமன்றோ எமது பிள்ளைகளுக்கு முதற்பாடமாதல் வேண்டும்! 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டத் திருத்தம் வந்தது. 1952இல் அக்கட்சியினர் ஒருவர்தானும் தெரிவாகவில்லை. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகள் அங்கேயேதான் இருந்தன. அக்கைகளிலிருந்த வாக்குச் சீட்டே பறிபோயிற்று.

எமது சொந்த வரலாற்றையும் மறைத்தலாகாது. 1931இல் பூரண சுயராச்சியம் கோரிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பின்பேரில் வடக்கிலே நான்கு தொகுதிகள் தேர்தலைப் பகிஷ்கரித்தன. 1934 வரை அரசாங்க சபையில் அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. நோக்கம் உயர்ந்தது, கொடுத்த விலை தகுமா? இதனை வகுப்பறையில் இரு பக்கமும் நின்று வாதிக்கும் மாணவனே நாளை சிந்தித்து வாக்களிப்பான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வட மாகாண சபைக்கு நாம் வாக்களித்தது 2013 செப்டெம்பரில். அச்சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2025ஆம் ஆண்டு முடியுமட்டும் மறு தேர்தல் நடத்தப்படவில்லை. அவ்வேழாண்டுகளில் பதினெட்டு வயதெய்திய எமது பிள்ளைகள் மாகாண சபைக்கு ஒருமுறைதானும் வாக்களித்ததில்லை. அது தமக்குரிய உரிமை என்பதையே அவர்களுட் பலர் அறியார். உடைமை இன்னதென்று அறியாதவன் களவு போனதை எங்ஙனம் அறிவான்?

"பள்ளிக்கூடத்தில் அரசியல் புகலாமா?" என்று கேட்போர் உளர். கட்சியைப் புகுத்துதல் வேறு. வாக்கின் பெறுமதியைக் கற்பித்தல் வேறு. முன்னதை நாமும் எதிர்க்கிறோம். பின்னதைத் தடுப்போர், அறியாத வாக்காளரை நம்பிப் பிழைப்போரே. மாணவர் பாராளுமன்றம் என்று பெயரளவில் ஒன்றை நடத்திவிட்டு, யார் வரவேண்டுமென்பதை ஆசிரியரே முடிவுசெய்தால், பிள்ளை கற்பது மக்களாட்சியையன்று, நாடகத்தை.

செய்யவேண்டியது அரிதன்று. மாதிரி வாக்குச் சீட்டைப் பிள்ளைகளின் கையிற் கொடுங்கள். பெட்டி வையுங்கள், அவர்களையே எண்ணச் செய்யுங்கள், செல்லாச் சீட்டு ஏன் செல்லாது என்று அவர்களே தீர்ப்புக் கூறட்டும். பிரதேச சபைக்கு அழைத்துச் சென்று, ஊரார் கட்டும் வரி எவ்வழிச் செல்கிறதென்று காட்டுங்கள். வாக்காளர் இடாப்பில் வீட்டார் பெயர் உண்டா என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.

உத்தியோகம் பார்க்கும் அன்பர்களே! பிள்ளை மருத்துவனாகட்டும், பொறியியலாளனாகட்டும். வாக்களிக்கத் தெரியாதவனாயின் அவன் பட்டம் அவனைக் காவாது. கமக்காரப் பெருமக்களே! விதைநெல்லைப் பதர் நீக்கித் தெரிந்தெடுக்க மகனுக்குக் கற்பிக்கிறீர்கள். கமக்கார அமைப்பின் கூட்டத்துக்கும் அவனை அழைத்துச் செல்லுங்கள். தலைவரையும் செயலாளரையும் ஊரார் தெரிவுசெய்வதைக் கண்ணாற் காணட்டும். ஆளைத் தெரிந்தெடுத்தலும் ஒரு பயிர்த்தொழிலே. அதிற் பிழைத்தால் ஒரு போகமன்று, ஐந்தாண்டு பாழ்.

நாளைய தேர்தல் நாளை தொடங்குவதன்று. இன்றைய வகுப்பறையில் தொடங்குகிறது.