தன் துப்பாக்கியைத் தானே வாங்கிய அரசு

வீட்டு மாட்டைச் சந்தையில் விற்று, அதனையே ஆறு மடங்கு விலைக்கு மீட்டுவந்த உழவனைக் கண்டால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். 1861இல் அமெரிக்க அரசு அதைத்தான் செய்தது. சிரிக்கத்தான் முடியுமா? உள்நாட்டுப் போர் மூண்டிருந்த வேளை!

அரசுக் கிடங்கிலே உறங்கின 5,000 ஹால் துப்பாக்கிகள். காலங்கடந்தவை என்று, ஒன்று மூன்றரை டாலருக்கு ஈஸ்ட்மன் என்பாருக்குத் தள்ளிவிட்டனர் படைத்துறையினர். அவரிடம் பன்னிரண்டரை டாலருக்கு வாங்கினார் சைமன் ஸ்டீவன்ஸ். கடன் கொடுத்தவர் ஜே. பி. மார்கன், பின்னாளில் வங்கி வேந்தரெனப் போற்றப்பட்டாரே, அவரேதான்!

செயிண்ட் லூயியில் ஆயுதமின்றித் தவித்த தளபதி ஃபிரமாண்டுக்குப் பறந்தது தந்தி: "குழலில் வரி குடைந்தவை, புதியவை, 22 டாலர்." அப்போது அவை அரசுக் கிடங்கைவிட்டு அசையவேயில்லை! வரி குடையும் வேலையும் பிறகுதான் நடந்தது. தளபதியோ, 'அனுப்புக' என்றார்.

சுட்டவன் கட்டைவிரலையே அவை பறித்தன என்றொரு கதை உலவுகிறது. சான்றில்லாக் கதை நமக்கெதற்கு? கணக்கே போதும். அரசு பெற்றது 17,500 டாலர். அரசிடம் கேட்கப்பட்டது 1,10,000!

வணிகத் திறமையாம் இது! நாம் கேட்கிறோம்: வாங்குவோனின் பொருளையே அவனிடம் மறைத்து விற்பதற்குத் திறமை என்றா பெயர்? விசாரணைக் குழு கண்டித்தது. படைத்துறை முழுத்தொகை தர மறுத்தது. ஸ்டீவன்ஸ் வழக்காடினார். தளபதி ஒப்பினார், ஆகவே ஒப்பந்தம் செல்லும் என்றது நீதிமன்றம், 1867இல். கொடுத்தது அரசு.

துப்பாக்கி தாங்கிக் களத்தில் நின்றானே போர்வீரன், அவனுக்கு அன்று மாதச் சம்பளம் 13 டாலர்.