குப்பைக்குப் போன விமானம் வானத்துக்கு வந்த கதை

செஞ்சிக் கோட்டைக்கு உலகப் புகழ் கிடைத்துவிட்டது.

2025-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி, யுனெஸ்கோ சபை அதை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர்களின் 12 கோட்டைகள் இந்தப் பெருமையைப் பெற்றன. அவற்றில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது கோட்டை, நம் செஞ்சி!

1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை இது. அவருடைய மகன் ராஜாராம், மொகலாயப் படையை எதிர்த்துப் பல ஆண்டுகள் தாக்குப் பிடித்த கோட்டை. 1714-ல் தேசிங்கு ராஜா ஆர்க்காட்டு நவாபுடன் போரிட்டு உயிர் விட்டதும் இங்கேதான்.

இன்று அங்கே போர் இல்லை. மதிலும், களஞ்சியமும், ராஜகிரி உச்சியில் ஒரு பீரங்கியும் இருக்கின்றன. அந்தப் பீரங்கியை இனி யாரும் வெடிக்கப் போவதில்லை. வெடிக்க வேண்டியதும் இல்லை. அது இருந்த இடத்தில் இருந்தாலே போதும்.

ஆனால், போரில் பயன்பட்ட பழைய பொருள் ஒன்று உண்டு. அதைச் சும்மா நிறுத்தி வைத்தால் பார்க்கிறவர்களுக்குத் திருப்தி இல்லை. அது ஓட வேண்டும், உறும வேண்டும், வானத்தில் பறக்க வேண்டும்!

அதுதான் ஆகாய விமானம்.

மெரினாவில் வந்த கிழவன்

செஞ்சியிலிருந்து சென்னை மெரினா கடற்கரை சுமார் 150 கிலோ மீட்டர். 2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அங்கே இந்திய விமானப் படையின் 92-வது ஆண்டு விழா சாகசம் நடந்தது. 72 விமானங்கள் பங்கு கொண்டன. சுமார் 15 லட்சம் பேர் கூடினார்கள் என்று கணக்குச் சொன்னார்கள்.

ரபேல் வந்தது. சுகோய் வந்தது. தேஜஸ் வந்தது. காது கிழிந்தது.

அவற்றுக்கு நடுவே, அவசரமே இல்லாமல் இன்னொரு விமானமும் வந்தது. மூக்கு உருண்டை. இரண்டு பக்கமும் விசிறிகள் சுழன்றன. ஜெட் விமானம் கண் மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும். இதையோ, தோளில் இருக்கும் குழந்தைக்குக் கை நீட்டிக் காட்டிப் பெயரும் சொல்லி முடிக்கலாம்.

அதன் பெயர் டகோட்டா.

டகோட்டா அமெரிக்காவில் பிறந்தது. 1935-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி அதன் முதல் விமானம் பறந்தது. இரண்டாவது உலகப் போரில் 10,000-க்கும் மேற்பட்ட டகோட்டாக்கள் செய்யப்பட்டன. குண்டு போடுவது அதன் வேலை அல்ல. சிப்பாய்களையும் சாமான்களையும் சுமப்பதுதான் வேலை. மாட்டு வண்டி போல என்று சொன்னாலும் தப்பில்லை.

இந்த மாட்டு வண்டிதான் காஷ்மீரைக் காப்பாற்ற உதவியது!

ஸ்ரீநகரில் இறங்கிய சிப்பாய்கள்

1947 அக்டோபர். சுதந்திரம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லையைத் தாண்டி வந்த படையெடுப்பாளர்கள் ஸ்ரீநகரை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். தரை வழியாகப் படை போய்ச் சேர நேரம் இல்லை. அக்டோபர் 27-ந் தேதி காலையில், டில்லியிலிருந்து டகோட்டாக்கள் புறப்பட்டன. சீக்கியப் படையின் முதல் அணி அவற்றில் சென்றது. விமான நிலையம் எதிரியின் கையில் இருக்கிறதா, நம் கையில் இருக்கிறதா என்பதே நிச்சயம் இல்லை. துணிந்து இறங்கினார்கள்.

அந்தப் படையின் தலைவர் லெப்டினென்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய். இறங்கிய அன்றே அவர் போரில் உயிர் துறந்தார்.

அடுத்த ஆண்டு இன்னொரு அதிசயம் நடந்தது. 1948 மே மாதம், மேகர் சிங் என்ற விமானப் படை அதிகாரி, ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு டகோட்டாவில் லடாக்கின் லே நகருக்குப் பறந்தார். லே, கடல் மட்டத்துக்கு மேல் 11,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அங்கே இருந்தது சிமென்ட் ஓடு பாதை அல்ல. சோனம் நோர்பு என்ற எஞ்சினீயர், ஊர் மக்களைக் கொண்டு சிந்து நதிக் கரையில் மண்ணைச் சமன் செய்து போட்ட பாதை. அங்கே முன்பு எந்த விமானமும் இறங்கியது இல்லை.

இன்று பறக்கும் டகோட்டாவின் வாலில் "விபி 905" என்ற எண் எழுதியிருக்கிறது. ஸ்ரீநகருக்கு அன்று சென்ற டகோட்டாவின் எண் அது. அந்த நினைவுக்காகவே அதை எழுதினார்கள்.

அப்பா ஓட்டிய விமானம்

இந்த டகோட்டா எப்படிக் கிடைத்தது?

எம்.கே. சந்திரசேகர் என்பவர் விமானப் படையில் டகோட்டா ஓட்டியவர். ஏர் கமடோர் பதவி வரை உயர்ந்தவர். அவருடைய மகன் ராஜீவ் சந்திரசேகர். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த இவர், 2011-ல் கழித்துப் போட்ட நிலையில் இருந்த ஒரு டகோட்டாவைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கினார். அதைச் செப்பனிட்டு, அப்பாவின் பெயரால் விமானப் படைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்.

2018 ஏப்ரல் 17-ந் தேதி, அது இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரிலிருந்து கிளம்பியது. கடலையும் பாலைவனத்தையும் கடந்து, பல ஊர்களில் தங்கித் தங்கி, 25-ந் தேதி குஜராத்தின் ஜாம்நகரில் வந்து இறங்கியது. மே 4-ந் தேதி, டில்லிக்கு அருகே ஹிண்டன் விமானத் தளத்தில் விமானப் படையில் முறைப்படி சேர்ந்தது. "பரசுராமா" என்று பெயர் சூட்டினார்கள்.

நல்ல மகன், நல்ல காரியம். ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது.

விமானத்தைச் செப்பனிட்டது இங்கிலாந்தில். 2012-ல் பறக்கத் தொடங்கிய பழைய "டைகர் மாத்" பயிற்சி விமானமும் இங்கிலாந்தில்தான் உயிர் பெற்றது. இந்தியாவில் அதைச் செய்ய ஆள் இல்லையா?

ஒரு காலத்தில் இருந்தார்கள். அந்தக் கதையைப் பலர் மறந்துவிட்டார்கள்.

கோடரிக்குத் தப்பிய குண்டு விமானங்கள்

இரண்டாவது உலகப் போர் முடிந்தது. வெள்ளைக்காரர்களுடைய படையில் "லிபரேட்டர்" என்ற பெரிய குண்டு விமானங்கள் ஏராளமாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நான்கு எஞ்சின். போர் முடிந்த பின் அவற்றைக் கான்பூரில் கொண்டுபோய்க் குவித்தார்கள்.

இனி யாரும் அவற்றைப் பறக்கவிடக் கூடாது என்பது அவர்களின் எண்ணம். அதனால் கருவிகளை உடைத்தார்கள். எஞ்சின்களில் மணலைக் கொட்டினார்கள். உடம்பில் ஓட்டை போட்டார்கள். பிறகு கப்பல் ஏறிப் போய்விட்டார்கள்.

சுதந்திர இந்தியாவிடம் அப்போது பெரிய குண்டு விமானம் ஒன்றுகூட இல்லை. புதிதாக வாங்கப் பணமும் இல்லை.

பெங்களூரில் இருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் கான்பூர் சென்றார்கள். குப்பை மேட்டைச் சுற்றி வந்தார்கள். ஒரு விமானத்தில் இறக்கை நன்றாக இருந்தது. இன்னொன்றில் சக்கரம் நன்றாக இருந்தது. மற்றொன்றில் எஞ்சின் பிழைத்திருந்தது. ஒன்றிலிருந்து எடுத்து ஒன்றில் மாட்டினார்கள். பெங்களூர் வரை பறந்தால் போதும் என்ற அளவுக்குத் தட்டிக் கொட்டிச் சரி செய்தார்கள்.

சரி, யார் ஓட்டுவது?

ஜிம்மி முன்ஷி என்ற விமானி முன்வந்தார். தொழிற்சாலையின் சோதனை விமானி அவர். அரைகுறை விமானங்களை ஒவ்வொன்றாகக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டி வந்து சேர்த்தார். வழியில் எது கழன்று விழுந்தாலும் கேட்பார் இல்லை. நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது அல்லவா?

பெங்களூரில் அவற்றை முழுவதும் பிரித்துப் பூட்டினார்கள். 1948 நவம்பரில் முதல் லிபரேட்டர்கள் விமானப் படையின் ஐந்தாவது அணிக்குக் கிடைத்தன. இப்படி 40 விமானங்கள் போல உயிர் பெற்றன. அவை 1968 வரை உழைத்தன! உலகில் மற்ற நாடுகள் லிபரேட்டரைக் கைவிட்ட பிறகும் இந்தியாவில் அது பறந்தது.

முடிவில் என்ன ஆயிற்று தெரியுமா? வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் லிபரேட்டரைத் தேடி இந்தியாவுக்கு வந்தன. அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா நாடுகளுக்கு இங்கிருந்து விமானங்கள் போயின. இந்தியாவிலிருந்து சென்ற ஒன்றை அமெரிக்கர்கள் மறுபடி செப்பனிட்டு, பல ஆண்டுகள் ஊர் ஊராகப் பறக்கவிட்டு வேடிக்கை காட்டினார்கள்.

உடைத்துப் போட்டவர்களுடைய நாட்டிலேயே இன்று ஒன்று காட்சிக்கு நிற்கிறது. நம்மவர் கை அதைக் காப்பாற்றியிருக்காவிட்டால் அதுவும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும்.

கை மறந்த வேலை

அப்படிப்பட்ட கைகள் இன்று எங்கே? ஓய்வு பெற்றார்கள், காலம் ஆனார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள அடுத்து ஆள் உட்காரவில்லை.

பழைய விமானம் புதிய விமானம் போல அல்ல. டகோட்டாவின் எஞ்சினில் 14 சிலிண்டர்கள் வட்டமாக இருக்கும். அந்த எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் மெக்கானிக் வேண்டும். ஜெட் விமானம் மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடும். டகோட்டாவுக்கோ தனிப் பெட்ரோல் வேண்டும். அது எல்லா விமான நிலையங்களிலும் கிடைப்பதில்லை.

ஓட்டுவதும் தனி வித்தை. வாலுக்கு அடியில் சிறு சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். முன்னால் இருக்கும் பாதை விமானிக்குச் சரியாகத் தெரியாது. சூப்பர்சானிக் ஜெட் ஓட்டியவரும் இதற்குப் புதிதாகப் பழக வேண்டும்.

செஞ்சிக் கோட்டைக்கும் இந்தக் கவலை உண்டு. பழைய மதிலுக்குச் சிமென்ட் ஒத்துவராது. சுண்ணாம்புக் காரை வேண்டும். அதை அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் வேண்டும். மதில் பத்து ஆண்டு காத்திருந்தாலும் நிற்கும். பறக்கிற விமானம் அப்படிக் காத்திருக்காது.

இன்னொரு செய்தி. இங்கிலாந்து விமானப் படையில் 79-வது அணிக்கும் 234-வது அணிக்கும் "மெட்ராஸ் பிரசிடென்சி" என்று பெயர் இருந்தது. போருக்காகச் சென்னை மாகாணம் திரட்டிக் கொடுத்த பணத்துக்கு நன்றியாக வைத்த பெயர். அப்போது செஞ்சியும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. அடுத்துள்ள உளுந்தூர்பேட்டையில் அந்தப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடு பாதை உண்டு. அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது என்னவென்று தெரியும்?

ஆபத்து யாருக்கு?

பழைய விமானத்தைப் பறக்கவிடுவதில் ஆபத்து உண்டு. அதை மூடி மறைக்கக் கூடாது.

2015 ஆகஸ்டு 22-ந் தேதி, இங்கிலாந்தில் ஷோர்ஹாம் என்ற இடத்தில் ஒரு பழைய ஹண்டர் ஜெட் விமானம் குட்டிக்கரணம் அடிக்கும்போது சாலையில் விழுந்தது. 11 பேர் மாண்டார்கள். 2022 நவம்பர் 12-ந் தேதி, அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இரண்டு உலகப் போர் விமானங்கள் நடுவானில் மோதின. ஆறு பேர் மாண்டார்கள். 2024 மே 25-ந் தேதி, இங்கிலாந்து விமானப் படையின் நினைவு அணியைச் சேர்ந்த ஸ்பிட்பயர் விமானம் விழுந்து, அதை ஓட்டிய அதிகாரி இறந்தார்.

டகோட்டா குட்டிக்கரணம் அடிப்பதில்லை. நேராக வருகிறது, நேராகப் போகிறது. அது நல்ல முறை.

மெரினாவில் விமானங்கள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆனாலும் ஐந்து பேர் இறந்தார்கள்! உச்சி வெயில். தாகம். நெரிசல். முடிந்ததும் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ரெயிலுக்கும் பஸ்சுக்கும் முண்டியடித்தார்கள். பலர் மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இறந்தவர்களின் குடும்பத்துக்கு முதல்-அமைச்சர் மு.க. ஸ்டாலின் தலா 5 லட்சம் ரூபாய் அறிவித்தார்.

காலை 11 மணிக்குத் தொடங்கிய வேடிக்கையை ஏழு மணிக்கே தொடங்கியிருந்தால்? ஒரே நாளில் அத்தனை பேரையும் கூட்டாமல், பிரித்து நடத்தியிருந்தால்? விமானத்தின் ஒவ்வொரு திருகாணியையும் பார்க்கிறவர்கள், மணலில் நிற்கும் ஜனங்களின் தண்ணீர்ப் பானையையும் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது மிக் 21

2025 செப்டம்பர் 26-ந் தேதி, சண்டிகாரில் மிக் 21 போர் விமானத்துக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. 62 ஆண்டுகள் உழைத்த விமானம் அது. அதில் ஒன்றையாவது டகோட்டா போலப் பறக்கவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு.

அது நடப்பது சந்தேகம். இங்கிலாந்தில் "வல்கன்" என்ற ஜெட் குண்டு விமானத்தைப் பொது மக்கள் பணம் போட்டு மீண்டும் பறக்கவைத்தார்கள். 2015-ல் அதன் எஞ்சினையும் உடம்பையும் செய்த கம்பெனிகள், இனி தொழில் உதவி செய்ய முடியாது என்று விலகிக்கொண்டன. அந்த அக்டோபரோடு அது தரையில் நின்றது. விசிறி விமானத்தைக் கையால் செப்பனிடலாம். ஜெட் விமானத்துக்குக் கை மட்டும் போதாது.

மிக் 21 கம்பத்தின் மேல் நிற்கட்டும். அரக்கோணத்தில் இருந்து கடலைக் காவல் காத்த டி.யு. 142 விமானம் 2017-ல் ஓய்வு பெற்று, விசாகப்பட்டினம் கடற்கரையில் காட்சியாக நிற்கிறது. பிள்ளைகள் ஏறி உள்ளே பார்க்கிறார்கள்.

ஆனால் டகோட்டா இன்னும் பறக்கிறது. அதன் எஞ்சினை அடுத்த முறை பிரிக்கும்போது, பக்கத்தில் நின்று சாவி எடுத்துக் கொடுக்க நாலு இளைஞர்களையாவது விமானப் படை சேர்த்துக்கொள்ள வேண்டும். பெங்களூரில் 1948-ல் அப்படித்தான் தொடங்கினார்கள்.