காரை இறக்குவது சுலபம், ஆர்மை யார் பார்ப்பது?

டொயோட்டா ஏ.ஈ.86 என்றதும் கார் பைத்தியங்கள் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது 'இனிஷியல் டி'தான். ஷூய்ச்சி ஷிகெனோ 1995இல் தொடங்கி 2013 வரை வரைந்த ஜப்பானியப் படக்கதை. டோஃபு கடைக்காரரின் மகன் ஒருவன், அப்பாவின் கருப்பு வெள்ளைக் காரில் மலைப்பாதையில் பறந்து, தன்னைவிட இரண்டு மடங்கு சக்தியுள்ள கார்களைக்கூட மண் கவ்வ வைப்பான். கதை ஹிட் ஆனதும், 1983 முதல் 1987 வரை மட்டுமே தயாரான அந்தக் குட்டி காரின் விலை எங்கேயோ போய்விட்டது. கூடவே இன்னொன்றும் நடந்தது. கையில் கிடைத்த ஏ.ஈ.86 எல்லாம் தரையோடு தரையாக இறங்க ஆரம்பித்தது.

இறக்குவதில் தப்பே இல்லை. பார்க்க அழகு, ஈர்ப்பு மையமும் கீழே வருகிறது. தப்பு அடுத்த படியில் நடக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றிக் காரை இறக்கியவர், 'ஹேண்ட்லிங் சரியில்லையே' என்று தோன்றியதும் நேராகப் போய் வாங்குவது பளபளக்கும் அட்ஜஸ்டபிள் லோயர் கன்ட்ரோல் ஆர்ம். நல்ல பாகம்தான். ஆனால் அவருக்கு இருக்கும் வியாதிக்கு அது மருந்து இல்லை.

சரி, மேட்டருக்கு வரலாம். இந்தக் காரின் முன்பக்கம் ரொம்ப எளிமையானது. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் ஒன்று செங்குத்தாக நிற்கும். அதன் அடிப்பகுதியைக் காரின் நடுப்பக்கத்தோடு குறுக்கே இணைப்பது லோயர் ஆர்ம். அந்த ஆர்ம் முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ராட். ஆர்மின் உள்முனையில் ரப்பர் புஷ், வெளிமுனையில் பால் ஜாயிண்ட். அவ்வளவுதான். கம்பெனியில் இருந்து வரும்போது இந்த ஆர்ம் சக்கரத்தை நோக்கி லேசாகக் கீழே சரிந்திருக்கும். ஒருவர் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் கொஞ்சம் தாழ்த்தி விரித்தால் எப்படி இருக்கும், அது மாதிரி. காரை 4, 5 செ.மீ. இறக்கினால் சக்கரம் அதே இடத்தில் இருக்கும், உடம்பு மட்டும் கீழே வரும். அதாவது கைகள் மேலே தூக்கியபடி நிற்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது கண்ணிலேயே படாது. காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கோணம்தான் எல்லா வம்புக்கும் காரணம். வளைவில் திரும்பும்போது காரின் உடம்பு ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றித்தான் சாய்கிறது. அதற்கு ரோல் சென்டர் என்று பெயர். அது எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்வதே ஆர்மின் சரிவும் ஸ்ட்ரட்டின் சரிவும்தான். ஆர்ம் வெளிப்பக்கம் கீழே சரிந்திருந்தால் ரோல் சென்டர் தரைக்கு மேலே இருக்கும். ஆர்ம் மேலே தூக்கிவிட்டால் அது தரைக்கே கீழே போய்விடும். இதில் விஷமம் என்னவென்றால், காரை இறக்கும்போது ஈர்ப்பு மையம் எவ்வளவு இறங்குகிறதோ, ரோல் சென்டர் அதைவிட வேகமாக இறங்குகிறது.

புரிவதற்காக ஒரு சும்மா கணக்கு (எந்தக் காரிலும் அளந்த எண்கள் இல்லை). ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 செ.மீ., ரோல் சென்டர் 8 செ.மீ. இரண்டுக்கும் இடைவெளி 42. காரை 4 செ.மீ. இறக்கினாகிவிட்டது. ஈர்ப்பு மையம் 46க்கு வந்தது. ரோல் சென்டரோ தரைக்கு 2 செ.மீ. கீழே போய்விட்டது. இப்போது இடைவெளி 48! கார் சாய்வதற்கு உதவும் நெம்புகோல் நீண்டுவிட்டது. வளைவில் வெளிச்சக்கரத்துக்கு மாறும் மொத்த எடை கொஞ்சம் குறையும், அது உண்மை. ஆனால் உடம்பு சாய்வது கூடும். சாயாமல் இருக்க இறக்கிய கார் அதிகமாகச் சாய்கிறது என்றால் என்ன கொடுமை இது? உடனே இன்னும் கடினமான ஸ்பிரிங், இன்னும் தடியான ஸ்டெபிலைசர் பார் என்று செலவு ஓடுகிறது. கார் சாய்வது நிற்கிறது, மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டுக் குதிப்பது ஆரம்பிக்கிறது.

கேம்பர் விஷயமும் இதே கதைதான். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். பால் ஜாயிண்ட் மேலும் கீழும் போகும்போது ஒரு வில் மாதிரி வளைந்துதான் போகும். ஆர்ம் ஏற்கெனவே மேலே தூக்கி நின்றால், வளைவில் ஸ்ட்ரட் இன்னும் அமுங்கும்போது ஜாயிண்ட் உள்பக்கமாக இழுக்கப்படுகிறது. எந்த நேரத்தில் டயர் உள்ளே சாய்ந்து தரையைப் பிடிக்க வேண்டுமோ, அதே நேரத்தில் வெளியே சாய்கிறது. அப்புறம் ஸ்டியரிங் டை ராட். அதுவும் ஆர்மும் ஒரே போக்கில் அசையாவிட்டால், ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகவே கொஞ்சம் திரும்பும். பம்ப் ஸ்டியர் என்பது இதைத்தான். நேராகப் பிடித்திருக்கும் கையை மீறி, கார் தன் இஷ்டத்துக்கு மூக்கை ஆட்டும். மலைப்பாதையில் பக்கத்தில் பள்ளம் இருக்கும்போது இது ரசிக்கக்கூடிய குணம் இல்லை.

இப்போது அந்த நீள ஆர்மைப் பார்க்கலாம். அது என்ன செய்யும்? நீளத்தைக் கூட்டினால் சக்கரத்தின் அடிப்பகுதி வெளியே தள்ளப்படும். நெகடிவ் கேம்பர் கூடும், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள அகலமும் கொஞ்சம் கூடும். சரிவு? கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். தூக்கிய கை தூக்கியபடியேதான், கை மட்டும் நீளம். தலைவலிக்குக் கண்ணாடியின் ஃப்ரேமை மாற்றியது மாதிரி :-)

சரிவைத் திருத்துவது வேறொரு பாகம், பார்க்க ஒரு அழகும் கிடையாது. ரோல் சென்டர் அடாப்டர் என்று விற்கிறார்கள், ஒரு கனமான உலோகக் கட்டை. ஏ.ஈ.86இல் ஸ்டியரிங் நக்கிள் ஆர்ம் தனியாக, ஸ்ட்ரட்டின் அடியில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். பால் ஜாயிண்ட், டை ராட் இரண்டும் வந்து சேருவது அதில்தான். ஸ்ட்ரட்டுக்கும் நக்கிள் ஆர்முக்கும் நடுவே இந்தக் கட்டையை வைத்தால் இரண்டு ஜாயிண்டும் சேர்ந்தே கீழே இறங்கும். ஆர்ம் தன் பழைய சரிவுக்குத் திரும்பும், டை ராடும் கூடவே வரும். ஒரே கல்லில் ரோல் சென்டர், கேம்பர் போக்கு, பம்ப் ஸ்டியர் மூன்றும். சின்ன சக்கரம் போட்டிருப்பவர்கள் ரிம்முக்கும் ஜாயிண்டுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு நல்ல பாகம் ஏன் ஆர்ம் அளவுக்குப் பேசப்படுவதில்லை? ஃபோட்டோவில் தெரியாது, அதனால்தான். பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்துப் படம் எடுத்தால் யாருக்கும் பொறாமை வராது.

அதற்காக ஆர்மை மாற்றவே கூடாது என்று இல்லை. அந்தக் கார்களுக்கு இப்போது ஏறத்தாழ 40 வயது. ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், பால் ஜாயிண்ட் ஆடும், பழைய விபத்தில் ஒரு பக்கம் வளைந்தும் இருக்கலாம். அப்போது மாற்றியே ஆக வேண்டும். டிராக்கில் ஓட்டுபவருக்குக் கூடுதல் கேம்பர் நிஜமாகவே தேவை, அவருக்கு அட்ஜஸ்டபிள் ஆர்ம் நியாயமான செலவு. ஆனால் தினசரி ரோட்டில் ஓட்டுபவர் ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் உலோக ராட் எண்ட் போட்ட ஆர்ம் வாங்கினால், முதல் மாதம் ஸ்டியரிங் கத்தி மாதிரி இருக்கும். தூசியும் தண்ணீரும் புகுந்த பிறகு டக் டக் என்று சத்தம். அதிலும் நீளம் வேண்டும் என்று மரையைக் கடைசி வரை வெளியே திருகிவைப்பவர்கள் உண்டு. உள்ளே நாலு சுற்று மட்டும் பிடித்திருக்கும் மரையில் ஒரு முன்சக்கரம் முழுவதும் தொங்குகிறது என்று யோசித்தால் தூக்கம் வராது. ஸ்பிரிங் உடைந்தால் கார் ஒரு பக்கம் அமுங்கும், ஓரம் கட்டலாம். லோயர் ஆர்ம் கழன்றால் சக்கரமே மடிந்துவிடும், ஸ்டியரிங்கால் ஒன்றும் செய்ய முடியாது.

ஜப்பானிய விதிகளே இந்த வித்தியாசத்தைப் பார்க்கின்றன. அங்கே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சுலபமாக மாற்றிக்கொள்ளக்கூடிய பாகங்களின் பட்டியலில் இருக்கின்றன. தரைக்கும் காருக்கும் நடுவே 9 செ.மீ. இருந்தால் பரிசோதனையில் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. ஆர்ம் அந்தப் பட்டியலில் இல்லை. மாற்றினால் அது தாங்கும் என்பதற்குக் கணக்கு காட்டிக் காகிதம் வைத்திருக்க வேண்டும். டொயோட்டாவும் 2021இல் இந்தப் பழைய காருக்கு மறுபடி பாகங்கள் தயாரிக்க முன்வந்தபோது முதல் பட்டியலிலேயே சேர்த்த ஒன்று, அதே ஸ்டியரிங் நக்கிள் ஆர்ம்.

செலவுக் கணக்குக்கு வந்தால், ஸ்பிரிங் விலை என்பது முதல் தவணை மட்டும்தான். அடாப்டர், புது புஷ், பால் ஜாயிண்ட், வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்ததுதான் காரை இறக்கும் விலை. மீதியைக் கட்டாமல் விட்டால் டயர் அதை வசூல் பண்ணும், உள்விளிம்பு மட்டும் மொட்டையாகி. மொத்தப் பணமும் இல்லையென்றால் 5 செ.மீ. வேண்டாம், 2 செ.மீ. இறக்கலாம். ஆர்ம் கிட்டத்தட்ட பழைய சரிவிலேயே இருக்கும், எந்தப் பாகமும் வாங்க வேண்டியதில்லை.

பைசா செலவில்லாத ஒரு வேலையும் இருக்கிறது, பல கடைகளில் செய்வதே இல்லை. ரப்பர் புஷ் உள்ளே சுழலாது, முறுக்கிக்கொண்டு மட்டும் கொடுக்கும். கார் ஜாக்கியில் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங் மாற்றிய பிறகு அந்த போல்ட்டைத் தளர்த்தி, சக்கரங்கள் தரையில் நின்று காரின் முழு எடையும் இறங்கிய பிறகு இறுக்க வேண்டும். வண்டியை எடுக்கும்போது மெக்கானிக்கிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முழித்தால், அட்ஜஸ்டபிள் ஆர்மை அவரிடம் மாட்டக் கொடுக்காதீர்கள்.