லேத் ஓட்டவா நாலு வருஷம்?

கலந்தாய்வு நடக்கும் மாதங்களில், ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வரும் உறவினர் அத்தனை பேரும் கல்வி ஆலோசகர்களாகிவிடுகிறார்கள். விருப்பப் பட்டியலில் 'உற்பத்திப் பொறியியல்' என்றிருப்பதைப் பார்த்துவிட்டால் போதும். "மெக்கானிக்கலையே வேற பேர்ல விக்கிறாங்க தம்பி. படிச்சு முடிச்சா லேத்து ஓட்டத்தான் போகணும். அதையும் நாளைக்கு ரோபோ பார்த்துக்கும்."

முதலில் அந்த 'வேற பேர்' விஷயம். இரண்டு படிப்புக்கும் பொதுவான பாடங்கள் நிறைய, மறுக்கவில்லை. பிரிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு ஷாஃப்ட் ஒன்று. பேரிங் உட்காரும் இடத்தில் அதற்கு வழக்கமாகத் தரப்படும் டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கும் வேறுபாடு, 22 மைக்ரான். தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. வரைகிறவருக்கு அது தாளில் ஓர் எண். செய்கிறவர் பாடு வேறு. நீள அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். சித்திரை மாதத்தில் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைப் பட்டறை எதிலாவது 35 டிகிரி இருந்தால் ஆச்சரியமில்லை. எஃகு, ஒரு மீட்டருக்கு டிகிரிக்குச் சுமார் 12 மைக்ரான் விரியும். கணக்குப் போட்டால் நம் ஷாஃப்ட் 18 மைக்ரான் பருத்திருக்கும். 22இல் 18ஐ வெயிலே தின்றுவிட்டது!

அளக்கிற கருவியும் எஃகுதானே, அதுவும் சேர்ந்து விரியுமே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஷாஃப்ட் இப்போதுதான் மெஷினிலிருந்து சூடாக இறங்கியது, மைக்ரோமீட்டர் ஏ.சி. அறையிலிருந்து வந்தது. எதை எவ்வளவு நேரம் ஆறவிட்டு அளப்பது? பத்தாயிரம் ஷாஃப்ட் போகும்போது, டூல் தேயத் தேய அளவு மெல்ல நகருமே, எந்தக் கட்டத்தில் மெஷினை நிறுத்துவது? இதற்காகத்தான் 1924இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் வால்டர் ஷூஹார்ட் ஒற்றைப் பக்கக் குறிப்பொன்றில் கட்டுப்பாட்டு வரைபடத்தைப் போட்டுக் காட்டினார். மெக்கானிக்கலில் இவையெல்லாம் ஒரு பாடத்தின் சில அத்தியாயங்களாக வந்து போகும். இங்கே படிப்பே இதுதான்.

அடுத்தது லேத். சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டதைச் சொல்லும் லேத்காரர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தக் காது பட்டம் வாங்கினால் வந்துவிடாது. ஆனால் எந்த வேகத்தில் ஓட்டினால் டூல் செலவும் நேரச் செலவும் சேர்ந்து குறைவாக வரும் என்பதைக் காது சொல்லாது. பட்டறையில் தொழில் பழகுநராக இருந்து மேலே வந்த ஃபிரெடரிக் டெய்லர் இதுபோன்ற கேள்விகளுக்காக 26 ஆண்டு சோதனை நடத்தினார். அதில் எட்டு லட்சம் பவுண்டு இரும்பும் எஃகும் சீவலாய்ப் போயின. 1907இல் அச்சான அந்த ஆய்விலிருந்து வந்த சூத்திரம் இன்றும் வகுப்பில் இருக்கிறது. ஹைஸ்பீடு ஸ்டீல் டூலில் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டிப் பாருங்கள், டூலின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இது தெரியாத மேலாளர் "கொஞ்சம் வேகமா ஓட்டுப்பா" என்பார். பழி லேத்காரர் தலையில் விழும்.

ரோபோ பயத்துக்கு ஒரே ஒரு கதை. டெஸ்லா தன் மாடல் 3 காரின் பேட்டரிமீது கண்ணாடி இழை மெத்தைகளைப் பரப்ப ரோபோவை வைத்தது. பொதபொதவென்ற அந்தப் பொருளை ரோபோவால் ஒழுங்காக எடுக்க முடியவில்லை. உற்பத்தி வரிசை அங்கேயே தேங்கியது. கடைசியில் சோதித்தால் மெத்தையே தேவையில்லை. அளவுக்கு மீறி இயந்திரமயமாக்கியது தப்பு என்று 2018இல் ஈலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார். 'இந்த வேலை வேண்டுமா' என்ற கேள்வி முதலில், ரோபோ பிறகு. அந்த வரிசையைக் கற்றவருக்கு ரோபோவால் வேலை கூடத்தான் செய்யும்.

அந்த உறவினர்கள் சொல்லாமல் விட்ட ஒன்று மட்டும் உண்மை. பல வேலை அறிவிப்புகளில் 'மெக்கானிக்கல்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். இணையான படிப்பு என்று சான்று காட்டி அலைய வேண்டிவரும். கேட் தேர்வில் உற்பத்திக்குத் தனித்தாளே இருந்தும் இந்த நிலை. ஆரம்பச் சம்பளத்திலும் மென்பொருள்காரரோடு போட்டி போட முடியாது. இதற்கு என்னிடம் மறுப்பில்லை.

ஒன்று செய்யலாம். சேருமுன் கல்லூரிக்கு நேரில் போய் அளவியல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மைக்ரோமீட்டர்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருக்கின்றனவா, மாணவர் கை பட்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். சுவரில் தெர்மாமீட்டர் தொங்கினால், அது எத்தனை டிகிரி காட்டுகிறது என்பதையும்.